முதுகை நிமிர்த்து, பூட்டைத் திற, வெளியே வா

எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலை நடக்கும் பயிற்சியைப் பற்றிப் பல தோழர்கள் கேட்கிறார்கள். "அம்பேத்கரைப் படிக்கிற இடத்துல எதுக்கு மல்யுத்தம்? அதுவும் பிரேசில்காரன் மல்யுத்தம்?" என்று ஒரு மூத்த தோழர் நேராகவே கேட்டார். "நம்ம ஊர்ல அடிமுறை இல்லையா, வர்மம் இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. "பயக்களுக்குச் சண்டை சொல்லிக் கொடுத்தா சண்டைக்குத்தான் போவான்" என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமான கேள்விகள்தான். பொதுவாகப் பதில் சொல்லாமல், நாங்கள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பழகிய ஒரே ஒரு பாடத்தை எடுத்து வைத்துப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

நாங்கள் என்றால், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்து வருகிற சுமார் இருபது பேர். கல்லூரி மாணவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், செவிலியர் படிக்கிற பெண்கள், சட்டம் படிக்கிற இரண்டு பேர். சொல்லிக் கொடுப்பவர் ஓர் அக்கா. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பழகி, ஊர் திரும்பியபோது அதையும் கொண்டு வந்தவர். பழைய மெத்தைகளை அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியதுதான் எங்கள் களம். ஐப்பசி மழையில் கூரை ஒழுகும் இடத்தை விட்டுவிட்டு மிச்ச இடத்தில் உருளுவோம்.

பாடத்தின் பெயர் குளோஸ்டு கார்ட். நாங்கள் வசதிக்காக இடுப்புப் பூட்டு என்கிறோம். ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். இன்னொருவர் அவருடைய கால்களுக்கு நடுவே முழங்காலிட்டு இருக்கிறார். கிடப்பவர் தன் இரு கால்களையும் மேலே இருப்பவரின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களைக் கோத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் பூட்டு. வேடிக்கை பார்க்கிறவர்கள் மேலே இருப்பவன்தான் ஜெயிக்கிறான் என்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். இடுப்பு நகராது. எழவும் முடியாது, விலகவும் முடியாது. கீழே இருப்பவருக்கோ இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன. கால்களால் உன்னைத் தன் பக்கம் இழுத்து, கைகளால் பிடரியைக் கீழே வளைத்தால், அடுத்து உன் கையை நீட்டி முழங்கை மூட்டை மடக்கலாம். தோளை முறுக்கலாம். சட்டைக் கழுத்தாலேயே கழுத்தை நெரிக்கலாம். கால்களை முக்கோணமாகக் கட்டிக் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து நெரிக்கலாம். இடுப்பைத் தூக்கிப் புரட்டி உன்மேல் ஏறி உட்காரலாம். மேலே இருப்பது வேறு, அதிகாரம் கையில் இருப்பது வேறு என்பதை எங்களுக்கு முதலில் புரிய வைத்தது இந்தப் பூட்டுதான்.

அடிமுறையைப் பற்றிய கேள்விக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அடிமுறையை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு, சிலம்பம், வெறுங்கைப் போர் என்று அதற்குத் தனி வரிசை இருக்கிறது. வர்ம ஆசான்கள் 108 வர்மம் என்பார்கள். அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. பிடியும் பூட்டும் அதிலும் உண்டு. 2020 பொங்கலுக்கு வந்த 'பட்டாஸ்' படத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் இந்தப் பெயர் தெரிந்துவிட்டது. இதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அடிமுறை பழகிய ஓர் அண்ணன் எங்களோடு வந்து உருளுகிறார். கால்வைப்பில் அவரை மிஞ்ச எங்களில் ஆளில்லை. ஆனால் வர்மம் என்பது ஆசான் ஒரு சீடனை வருடக்கணக்கில் பார்த்து, நம்பி, பிறகு கொடுப்பது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறைப்பது என்பது ஆசானின் முடிவு. எங்களுக்குத் தேவைப்பட்டது வாசலில் நிறுத்தி யோசிக்காத ஒரு கலை. இன்னொன்றும் உண்டு. அடியை முழு வேகத்தில் பழக முடியாது. பழகினால் தோழன் ஆஸ்பத்திரியில் கிடப்பான். பிடியையும் பூட்டையும், எதிரில் இருப்பவர் முழு பலத்தோடு எதிர்க்கும்போதே பழகலாம். வலி வரும் முன்னே தோழர் தட்டுவார், விட்டுவிடலாம். மறுபடி தொடங்கலாம். ஒரு மாலையில் முப்பது முறை மாட்டிக்கொண்டு முப்பது முறை வெளியே வர முயன்றால், முப்பத்தோராவது முறை உடம்பு பதறுவதில்லை.

பிரேசில் கலைக்கும் வாசல் எப்போதும் திறந்திருந்தது என்று சொல்ல வரவில்லை. ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அந்த வழியில் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஹீலியோவும் அதை வளர்த்தார்கள். ரியோ டி ஜெனிரோவில் அவர்களிடம் கற்க வந்தவர்களில் பெரும்பகுதி வசதி படைத்தவர்கள். அதே நாட்டில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வளர்த்த கலை கபோயிரா. 1888இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. 1890ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் கபோயிரா ஆடுவதையே குற்றமாக்கியது. ஒரே நாடு, மேட்டுக்குடியின் உடற்பயிற்சி கலை ஆனது, அடிமையின் உடற்பயிற்சி குற்றம் ஆனது. நமக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

ஆனால் அங்கேயும் ஒருவர் இருந்தார். ஒஸ்வால்டோ ஃபாடா. ரியோவின் ஏழைப் புறநகரில் பள்ளி வைத்து, காசு இல்லாதவர்களுக்கும் ஜியு-ஜிட்சு சொல்லிக் கொடுத்தவர். 1950களில் அவருடைய மாணவர்கள் கிரேசி பள்ளியோடு மோதி வென்றார்கள். அவர்கள் அதிகம் பயன்படுத்தியது பாதத்தையும் கணுக்காலையும் மடக்கும் பூட்டுகள். அதை மற்றவர்கள் 'புறநகர்க்காரன் உத்தி' என்று ஏளனமாகச் சொன்னார்கள். தோற்ற பிறகும் இளக்காரம் போகவில்லை. இன்று உலகம் முழுக்க எல்லாப் பள்ளியிலும் அந்தக் காற்பூட்டுகளைக் கற்றுத் தருகிறார்கள். எங்கள் அக்கா முதல் நாள் சொன்ன கதை இதுதான். கிரேசி குடும்பத்தின் படத்தை நாங்கள் சுவரில் மாட்டவில்லை. ஃபாடாவின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இனி பாடம். இடுப்புப் பூட்டுக்குள் மாட்டிய எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: பின்னால் இழுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பது, அல்லது முன்னால் சாய்ந்து அமுக்கப் பார்ப்பது. இரண்டும் கீழே இருப்பவருக்கு வசதி. முன்னால் சாய்ந்தால் தலை அவர் கைக்குக் கிடைக்கும். தரையில் கை ஊன்றினால் அந்தக் கையைப் பிடித்துத் தோளை முறுக்குவார். அதனால் முதல் வேலை பூட்டைத் திறப்பதல்ல, முதுகை நிமிர்த்துவது. முழங்கால்களை இடுப்பைவிடக் கொஞ்சம் அகலமாக வை. குதிகால்மேல் கனமாக உட்கார். பார்வை எதிரே இருக்கட்டும், தரையைப் பார்க்காதே. ஒரு கையால் அவருடைய சட்டையின் இரு பக்கத்தையும் நெஞ்சுக்கு நடுவே சேர்த்துப் பிடித்து அழுத்து. இன்னொரு கையை அவர் இடுப்பில் வை. முழங்கைகள் உன் விலாவோடு ஒட்டி இருக்கட்டும். "தலை போற வழியிலதான் உடம்பு போகும், மக்கா. தலையைக் குடுக்காத" என்பார் அக்கா. பாடம் முழுக்க அவர் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான்.

குனிய வைப்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த குமரி, அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியைப் பார்த்த மண். அந்த அரசில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு எத்தனை விதிகள்! எதிரே ஆதிக்க சாதிக்காரர் வந்தால் வழியை விட்டு இறங்க வேண்டும். குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. எல்லாமே உடம்பின் மேல் எழுதப்பட்ட சட்டங்கள். அதனால் எதிர்ப்பும் உடம்பிலிருந்தே தொடங்கியது. நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டு, 1859இல் மேலாடை அணியும் உரிமையை அரச ஆணையாகப் பெற்றார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வழிபட வரும் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலையைக் குனிந்தே பழகியவர்களிடம் தலையை முதலில் கட்டச் சொன்னார். புலையர் குடியில் பிறந்த மகாத்மா அய்யன்காளி 1893இல் வில்வண்டி பூட்டி, தலைப்பாகையோடு பொதுச்சாலையில் ஏறிப் போனார். வழியில் அடிக்க வருவார்கள் என்று தெரிந்தே போனார். தாமும் தம் தோழர்களும் அடிதடிக் கலை பழகியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1926இல் சுசீந்திரத்தில் நடந்த சத்தியாகிரகம், தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகத்தான். நிமிர்ந்து நடக்க ஒரு தெரு வேண்டும் என்று கேட்டதற்குப் போராட்டம் தேவைப்பட்டது. கோயில் நுழைவு ஆணை வர 1936 நவம்பர் 12 ஆனது.

பாயில் எங்களில் பலருக்கு இரண்டாவது நிமிடத்தில் தலை தாழ்ந்துவிடும். அதை வரலாற்றோடு முடிச்சுப் போட்டு ஒரு தம்பி உருக்கமாகப் பேசத் தொடங்கினான். அக்கா சிரித்துவிட்டார். "சாதியால இல்ல தம்பி, நீ கழுத்தால மட்டும் எதிர்க்க. இடுப்பால எதிர்க்கணும்" என்றார். அது எங்களுக்குப் பிடித்திருந்தது. நம் துன்பத்துக்குக் காரணம் தேடி எப்போதும் நூறு வருடம் பின்னால் போக வேண்டியதில்லை. சில நேரம் காரணம் இடுப்பில் இருக்கிறது, திருத்திவிடலாம்.

முதுகு உடைந்து தலை கீழே போய்விட்டால்? அப்போதும் பதறக்கூடாது. முகத்தை அவர் நெஞ்சின் நடுவில் வைத்து, முழங்கைகளை உள்ளே இழுத்து, அவருடைய மேற்கைகளை அடக்கிக்கொண்டு மூச்சு வாங்கு. தலையை மட்டும் வெடுக்கென்று தூக்கினால் கழுத்து அவர் கைக்குள் போகும். கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் இடுப்புக்கு நகர்த்தி, இடுப்பை அழுத்திக்கொண்டே முதுகை ஒவ்வொரு கண்ணியாக நிமிர்த்து. கைகளுக்கு ஒரே விதி: இரண்டும் உள்ளே, இல்லையென்றால் இரண்டும் வெளியே. ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்று விட்டால் முக்கோண நெரிப்புக்கு நாமே கதவைத் திறந்து வைத்ததுபோல் ஆகும்.

முதுகு நிமிர்ந்த பிறகுதான் பூட்டைத் திறக்கும் வேலை. இரண்டு வழி பழகுகிறோம். முழங்காலில் இருந்தபடியே திறப்பது ஒன்று. ஒரு முழங்காலை அவர் வால் எலும்புக்கு நேரே நடுவில் கொண்டு வா. மறுகாலைப் பின்னால் சாய்வாக நீட்டு. அவர் இடுப்பை அழுத்திப் பிடித்து, உன் முதுகைப் பின்னால் தள்ளு. உனக்கும் அவருக்கும் நடுவே தூரம் கூடக் கூட அவர் கணுக்கால்கள் பிரியும். பலர் முழங்கையால் தொடையில் குத்தி வலிக்க வைத்துத் திறக்கப் பார்ப்பார்கள். வலி தாங்குகிறவரிடம் அது பலிக்காது. தூரம் எல்லோரிடமும் பலிக்கும். எழுந்து நின்று திறப்பது இரண்டாவது வழி. முதலில் அவருடைய ஒரு கையின் சட்டை முனையைப் பிடித்து அவர் வயிற்றோடு அடக்கு. அந்தக் கை இருக்கிற பக்கத்துக் காலை முதலில் ஊன்றி எழு. அடங்கிய கையால் அந்தக் காலைப் பிடிக்க முடியாது. இரண்டு காலும் ஊன்றியதும் இடுப்பை முன்னால் தள்ளி நேராக நில். பின்னால் சாய்ந்தால் இரண்டு கணுக்காலையும் பிடித்து மல்லாத்திவிடுவார். நேராக நின்றால் அவருடைய கனமே அவர் பூட்டை இழுக்கும். அப்போது ஒரு கையால் அவர் முழங்காலைக் கீழே தள்ளினால் பூட்டு திறக்கும்.

இந்த இடம்வரை எல்லா ஜியு-ஜிட்சு பள்ளியிலும் ஒன்றுதான். இதற்குப் பிறகு நாங்கள் பிரிகிறோம். போட்டியில் பூட்டு திறந்ததும் கால்களைத் தாண்டி, பக்கவாட்டில் வந்து அமுக்கிப் புள்ளி வாங்க வேண்டும். எங்கள் பயிற்சியில் பூட்டு திறந்ததும் இரண்டு அடி பின்னால் வைத்து, சுற்றிப் பார்த்து, போய்விட வேண்டும். பாயின் விளிம்பைத் தொட்டால் பாடம் முடிந்தது. "அவன் கீழ கிடக்கானே, ரெண்டு குடுத்துட்டுப் போனா என்ன?" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரையே.

நம்மைத் தாக்க வருகிறவன் தனியாக வருவதில்லை. தள்ளுமுள்ளில் நாம் அவன்மேல் விழுந்து, அவன் கால்களால் கட்டிப் பிடித்துக்கொண்டால், அவனுக்கு வேண்டியது அரை நிமிடம். அதற்குள் அவனுடைய ஆட்கள் வந்துவிடுவார்கள். மேலே இருக்கிறோம் என்று அடித்துக்கொண்டிருப்பவனின் முதுகும் தலையும் அவர்களுக்குத் திறந்து கிடக்கும். அதனால் வெளியே வருவது கோழைத்தனம் அல்ல, கணக்கு.

இரண்டாவது காரணம் காவல் நிலையத்தில் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி. பேருந்து நிறுத்தத்தில் செல்போனில் வைத்திருந்த அண்ணல் படத்தைப் பார்த்து நான்கு பேர் வம்புக்கு வந்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள், சட்டையைக் கிழித்தார்கள். தம்பி திருப்பி ஒரு அடி அடித்தான். அடி வாங்கியவனுக்குப் புருவம் கிழிந்தது. அவன் நேராக மருத்துவமனைக்குப் போய்க் காயச் சான்றிதழ் வாங்கினான். எங்கள் தம்பியின் உடம்பில் கிழிந்த சட்டையைத் தவிரக் காட்ட எதுவும் இல்லை. அவன் கொடுத்த புகாருக்கு எதிர்ப்புகார் பதிவானது. பிறகு வழக்கமான பேச்சு: "ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, பேசி முடிச்சிக்கிடுங்க." வேலைக்கான காவல் சரிபார்ப்பில் அந்த எதிர் வழக்கு வந்து நின்றது. பையனின் அம்மா அழுதுகொண்டே சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டார். வன்கொடுமை வழக்கு அதோடு செத்தது. களத்தில் வேலை செய்கிற எந்தத் தோழரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

சட்டம் நமக்குத் தற்காப்பு உரிமையைத் தருகிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆனால் தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்குமேல் தீங்கு செய்யக்கூடாது என்பது அந்த உரிமையின் எல்லை. 'தேவையான அளவு' எது என்று தீர்மானிக்கிறவர் நம்முடைய ஆளாக இருக்க மாட்டார் என்பதை மனதில் வைத்துத்தான் நாம் பழக வேண்டும். அவன் உடம்பில் காயம் இல்லை, நாம் நிமிர்ந்து வெளியே வந்துவிட்டோம், பார்த்த சாட்சி இருக்கிறது என்றால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்போதுதான் முழு பலத்தோடு நமக்குப் பயன்படும். அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு குற்றவாளிக்கு முன்ஜாமீன் கிடைப்பதைத் தடுக்கிறது. 1995 விதிகளின்படி விசாரணையை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். 2015 திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் தனி உரிமைகளைத் தந்திருக்கிறது. சட்டம் படிக்கிற எங்கள் இரண்டு தோழர்கள் பயிற்சி முடிந்த பிறகு அரை மணி நேரம் இதைத்தான் பேசுகிறார்கள்: வெளியே வந்ததும் யாரைக் கூப்பிடுவது, புகாரில் என்ன எழுதுவது, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குவது, சிறிய சிராய்ப்பானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்வது. பாயின் விளிம்பைத் தொட்டபிறகு தொடங்குகிற அந்தப் பாடம்தான் நீளமானது.

பெண் தோழர்கள் இதே பாடத்தைத் தலைகீழாகப் பழகுகிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது பூட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதை அல்ல, பூட்டுப் போடுவதை. ஒருவன் கீழே தள்ளி மேலே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த நிலையிலிருந்தே அவன் இடுப்பைக் கட்டலாம், பிடரியைக் கீழே இழுத்து ஒட்டிப் பிடித்தால் ஓங்கிக் குத்த அவனுக்கு இடம் கிடைக்காது, அவன் கையை மடக்கலாம், இடுப்பில் காலை ஊன்றித் தள்ளி எழுந்து ஓடலாம். இதைப் பழகிய ஒரு தங்கச்சி சொன்னாள்: "கீழ விழுறதுக்கு இப்ப பயம் இல்லக்கா. விழுந்த பிறகும் எனக்கு வேல இருக்குன்னு தெரியுது." பெண்கள் இப்படிப் பூட்டுப் போட, ஆண்கள் அதிலிருந்து திறக்கப் பழகும்போது, ஆண்களுக்கும் ஒன்று விளங்குகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள தங்கச்சியின் பூட்டை எழுபது கிலோ அண்ணனால் பலத்தால் திறக்க முடிவதில்லை. முறையாகத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது தொட்டுப் பழகுகிற கலை. அடுத்தவர் வியர்வை உன் முகத்தில் படும், உன் கழுத்து அவர் கக்கத்துக்குள் இருக்கும். தீண்டாமையின் சட்டமோ தூரம். எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு இது. எங்கள் பாய்க்குப் பிற சாதிப் பையன்களும் வந்தார்கள். ஒருவன் முதல் நாள் தன் ஊர்க்காரனோடு மட்டும் உருளுவேன் என்றான். அக்கா சண்டை போடவில்லை, பாடமும் எடுக்கவில்லை. "இங்க சோடிய நான்தான் சேப்பேன், பிடிச்சா இரி" என்றார். அவன் அடுத்த வாரம் வரவில்லை. அவனோடு வந்த இன்னொருவன் வந்தான், இப்போதும் வருகிறான். அவன் கழுத்தைத் தினமும் எங்கள் கையில் கொடுக்கிறான், தட்டினால் விடுவோம் என்று நம்பிக் கொடுக்கிறான். சமபந்தியில் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடுவதைவிட இது கடினம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்லவில்லை. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களை அழைப்பானா என்பதும் தெரியாது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அங்கே தூரம் இல்லை.

மூன்றாவது கேள்வி, சண்டை சொல்லிக் கொடுத்தால் சண்டைக்குப் போவார்களா என்பது. நாங்கள் கண்டது வேறு. வாரா வாரம் முப்பது முறை தோற்றுத் தட்டுகிறவனுக்குத் தன் பலத்தைப் பற்றி வீண் கற்பனை இருக்காது. கத்தியும் கம்பும் வந்தால் இந்தப் பூட்டுகள் எதுவும் காப்பாற்றாது, ஓட்டம்தான் காப்பாற்றும் என்பதும் அவனுக்குத் தெரியும். பயிற்சியை வெளியே வம்புக்குப் பயன்படுத்துகிறவர் திரும்பப் பாய்க்கு வரக்கூடாது என்பது விதி. இதுவரை அந்த விதியைப் பயன்படுத்த வேண்டிவரவில்லை.

உங்கள் ஊரிலும் தொடங்க நினைக்கிற தோழர்களுக்குச் சில வார்த்தைகள். செல்போனில் வீடியோ பார்த்து மட்டும் பழகாதீர்கள். கழுத்து நெரிப்பும் மூட்டுப் பூட்டும் முறையாகக் கற்ற ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடாதவை. தட்டினால் அந்த நொடியே விட வேண்டும், தட்டுவதில் வெட்கம் இல்லை. நகத்தை வெட்டுங்கள், மோதிரம், சங்கிலியைக் கழற்றுங்கள். பெண்கள் யாரோடு உருளுவது என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும். பாய்க்குப் பக்கத்திலேயே புத்தக அலமாரி இருக்கட்டும். உருளுவதற்கு மட்டும் வருகிறவன் ஒரு நாள் அதைத் திறப்பான். முதல் மாதம் முழுக்க வேறு எதுவும் வேண்டாம். பூட்டுக்குள் உட்கார்ந்து முதுகை நிமிர்த்துவதை மட்டும் பழகுங்கள். எதிரில் இருப்பவர் இழுக்கட்டும், நீங்கள் நிமிருங்கள். மறுபடி இழுக்கட்டும், மறுபடி நிமிருங்கள். திறப்பதை இரண்டாவது மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.